வைஃபை வழியாகப் பாட்டு ஏற மறுக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கணினியிலிருந்து பிளேயருக்குக் கேபிள் இல்லாமல் பாட்டு ஏற்றுவது, ஒழுங்காக நடக்கும்வரை பெரிய சுகம். பிளேயரைச் சார்ஜில் போட்டால் போதும், புதிதாகச் சேர்த்த ஆல்பம் தானே வந்து உட்கார்ந்திருக்கும். நின்றுவிட்டால்தான் தலைவலி. பிளேயர், கணினி, நடுவிலிருக்கும் ரவுட்டர் என்ற மூன்றில் எது தகராறு செய்கிறது என்று திரையில் வரும் செய்தி பெரும்பாலும் சொல்லாது.

தெரிந்தவர்களுடைய பிளேயர்களை இதற்காகவே வாங்கிப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அநேகமாகப் பிளேயரில் ஒரு கோளாறும் இருக்காது. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நடுவில் ஏதோ மறித்துக்கொண்டிருக்கும். ஆனால் என்னிடம் கொண்டுவருவதற்குள் பலரும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுகிறார்கள். பாட்டும் பிளேலிஸ்ட்டும் போய்விடும், பிழை மட்டும் அப்படியே இருக்கும். தயவுசெய்து ரீசெட்டைக் கடைசிக்கு வையுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்

உங்கள் பிளேயரால் வைஃபையில் சிங்க் (கணினியில் இருக்கும் பாட்டுத் தொகுப்போடு பிளேயரை ஒத்துப்போகச் செய்வது) செய்ய முடியுமா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபாட் கிளாசிக், நானோ, ஷஃபிள் மூன்றிலும் வைஃபையே கிடையாது. ஐபாட் டச்சில் இந்த வசதி 2011இல் ஐஓஎஸ் 5 (பிளேயரின் மென்பொருள்), ஐட்யூன்ஸ் 10.5 (கணினியில் பாட்டு ஏற்றும் மென்பொருள்) இரண்டோடும் சேர்ந்து வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளில் இருந்தால் தேடிப் பயனில்லை. மைக்ரோசாஃப்டின் முதல் தலைமுறை சூன் பிளேயரில் 2006லேயே வைஃபை இருந்தாலும், கணினியோடு வைஃபையில் சிங்க் ஆகும் வசதி 2007 அப்டேட்டில்தான் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் இது அந்தந்தச் செயலியைப் பொறுத்தது.

அடுத்து, கேபிளில் செருகி ஒரே ஒரு பாட்டை ஏற்றிப் பாருங்கள். கேபிளிலும் ஏறவில்லை என்றால் பிரச்சினை வைஃபையில் இல்லை. நினைவகம், மென்பொருள் பக்கம் போக வேண்டும். கேபிளில் ஏறுகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

மூன்றாவதாக, ரவுட்டர், கணினி, பிளேயர் மூன்றையும் இந்த வரிசையிலேயே அணைத்துப் போடுங்கள். ரவுட்டர் முழுதாக எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். சாதாரண விஷயம்தான், ஆனாலும் கணிசமான கேஸ்கள் இதிலேயே முடிந்துவிடும்.

## அறிகுறி 1: பிளேயர் வைஃபையிலேயே சேரவில்லை

### நெட்வொர்க் பெயரே பட்டியலில் வரவில்லை

பழைய பிளேயர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பார்க்கும். சூன் பிளேயர்கள், நான்காம் தலைமுறை வரையிலான ஐபாட் டச் எல்லாம் இந்த வகை. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால் அவற்றுக்கு உங்கள் நெட்வொர்க் கண்ணிலேயே படாது. ரவுட்டர் அமைப்பில் 2.4ஐ இயக்கிவிடுங்கள். அது ஏற்கெனவே இயங்குகிறது என்றால் சேனல் எண்ணைப் பாருங்கள். ரவுட்டர் தானாக 12 அல்லது 13ஐ எடுத்திருந்தால் சில பிளேயர்களுக்குத் தெரியாது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை நாமே வைத்துவிடலாம்.

### பெயர் தெரிகிறது, சேர மறுக்கிறது

கடவுச்சொல்லை ஒருமுறை பொறுமையாகத் தட்டுங்கள். சிறிய திரையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறிப்போவது சகஜம். பிளேயரில் அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்து, மறுபடி சேர்ப்பது அடுத்த படி.

அப்புறமும் மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய ரவுட்டர் மாட்டிய அன்றிலிருந்து பிளேயர் சேரவில்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது இங்கேதான். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பிளேயர்களுக்கு அது புரியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள்; அதிலும் தடுமாறினால் டபிள்யூபிஏ2 மட்டும் போதும். ஒரு பிளேயருக்காக டபிள்யூஈபி முறைக்கோ, கடவுச்சொல்லே இல்லாத முறைக்கோ இறங்க வேண்டாம். வீட்டு நெட்வொர்க் மொத்தத்தையும் திறந்து போடுவதை விட, கேபிளில் ஏற்றிக்கொள்வது நல்லது.

### சேர்ந்துவிட்டது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது

ரவுட்டரிடமிருந்து பிளேயருக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) கிடைக்கவில்லை என்று பொருள். நெட்வொர்க்கை மறந்து மறுபடி சேருங்கள். ரவுட்டரில் மேக் முகவரி (ஒவ்வொரு கருவியின் வைஃபைக்கும் உள்ள அடையாள எண்; மேக் கணினிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வடிகட்டல் இருந்தால் பிளேயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். புதிய பிளேயர்கள் நெட்வொர்க்குக்கு ஒரு மேக் முகவரியைத் தாங்களே உருவாக்கிக் காட்டும். அந்த வசதியை வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் நிறுத்தினால்தான் பட்டியலில் இருக்கும் முகவரி பொருந்தும்.

### வைஃபை பொத்தானே மங்கிக் கிடக்கிறது

ஏரோப்ளேன் மோடு இயங்கவில்லை, ரீஸ்டார்ட் செய்தும் பொத்தான் உயிர் பெறவில்லை என்றால் உள்ளே இருக்கும் வைஃபை சிப் அல்லது அதன் இணைப்புதான் காரணமாக இருக்கும். நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்து ஒருமுறை பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாம் செய்ய ஒன்றுமில்லை, ரிப்பேர் செய்பவரிடம் போக வேண்டியதுதான்.

## அறிகுறி 2: இரண்டும் வைஃபையில் இருக்கின்றன, ஆனால் கணினியில் பிளேயர் தெரியவில்லை

என்னிடம் வருவதில் அதிகம் இதுதான். எனவே இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிளேயரின் வைஃபை விவரத்தில் அதன் ஐபி முகவரி இருக்கும். கணினியின் முகவரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

### முதல் மூன்று எண்கள் வேறு வேறு

ஒன்று 192.168.1.7, மற்றொன்று 192.168.0.15 என்பது போல இருந்தால், வீட்டு நெட்வொர்க்குகளில் இரண்டும் தனித்தனி வலையில் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. பிளேயர் விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்ந்திருக்கும். அது மற்றக் கருவிகளோடு பேசவிடாமல் தடுக்கவே உண்டானது. அல்லது வீட்டில் இரண்டு ரவுட்டர்கள், ஒன்றின் பின்னால் இன்னொன்றாக மாட்டப்பட்டிருக்கும். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி வலை உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றினால் எல்லாம் ஒரே வலைக்கு வந்துவிடும். மூன்றாவது, கணினியில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருக்கும்; நிறுத்திவிட்டு முகவரியை மறுபடி பாருங்கள்.

ஒரு தோழியின் வீட்டில் இரண்டு மாதமாக சிங்க் ஆகாமல் இருந்தது. பிளேயர், கணினி இரண்டிலும் ஒரே நெட்வொர்க் பெயர்தான் தெரிந்தது. மாடிக்கு வாங்கி வைத்த இரண்டாவது ரவுட்டருக்கும் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் கொடுத்திருந்தார்கள். பெயரை மட்டும் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அன்றிலிருந்து நான் எண்ணைத்தான் கேட்கிறேன்.

### எண்கள் ஒத்துப்போகின்றன, பிங் பதில் வரவில்லை

கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் (ஒரு கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பது) கட்டளையோடு பிளேயரின் முகவரியைக் கொடுங்கள். மேக் கணினியில் டெர்மினல். அதற்குமுன் பிளேயரின் திரையை எழுப்பி வையுங்கள்; தூங்கும் பிளேயர் பதில் தராது. பிங் எப்போதும் கணினியிலிருந்து பிளேயரை நோக்கியே இருக்கட்டும். எதிர்த்திசையில் விண்டோஸ் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் காவல்) பிங்கை மறித்து, இல்லாத பிரச்சினையை இருப்பதாகக் காட்டிவிடும்.

விடையைக் கவனமாகப் படிக்க வேண்டும். விண்டோஸ் சில சமயம் பதில் வந்தது போல ஒரு வரி காட்டும், ஆனால் அந்த வரியில் இருப்பது உங்கள் கணினியின் சொந்த முகவரியாகவே இருக்கும். அதாவது பிளேயரை எட்ட முடியவில்லை என்று கணினி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. பிளேயரின் முகவரியிலிருந்து வந்தால்தான் அது பதில்.

பதில் இல்லை என்றால், பெரும்பாலும் ரவுட்டர் மறிக்கிறது. அமைப்பில் ஏபி ஐசொலேஷன், கிளையன்ட் ஐசொலேஷன், வயர்லெஸ் ஐசொலேஷன் என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வசதி இருக்கும். அது இயங்கினால் எல்லாக் கருவிக்கும் இணையம் கிடைக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேச முடியாது. இணையம் நன்றாக வருகிறதே என்று இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. விடுதி, கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இது வேண்டுமென்றே போடப்பட்டிருக்கும்; அங்கே நாம் மாற்ற முடியாது.

ரவுட்டர்தானா என்று உறுதி செய்ய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. அதை இயக்கி, பிளேயரை நேராகக் கணினியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துவிடுங்கள். பழைய பிளேயர் என்றால் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். இப்போது நடுவில் ரவுட்டரே இல்லை. பிங்குக்குப் பதில் வந்தால் குற்றம் ரவுட்டருடையது, பிளேயரை இனி நோண்ட வேண்டாம்.

### பிங் பதில் வருகிறது, சிங்க் மென்பொருளில் மட்டும் காணோம்

பாதை திறந்துதான் இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன் என்று கருவிகள் சொல்லிக்கொள்ளும் அறிவிப்புதான் போய்ச் சேரவில்லை. செலவில்லாத வழியிலிருந்து போவோம்.

கணினியில் சிங்க் மென்பொருள் திறந்திருக்கிறதா பாருங்கள். ஐட்யூன்ஸ் மூடியிருந்தால் ஐபாட் டச் சிங்க் ஆகாது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து இந்த வேலை ஃபைண்டருக்குப் போய்விட்டது; மேக்கில் ஐட்யூன்ஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வைஃபையில் சிங்க் செய்யும் அனுமதியை ஒருமுறையாவது கேபிளில் செருகித்தான் கொடுக்க வேண்டும். ஐபாட் டச்சைக் கேபிளில் மாட்டி, இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லி, சுருக்கப் பக்கத்தில் வைஃபை சிங்க் கட்டத்தில் டிக் போட்டு, மறக்காமல் அப்ளை அழுத்துங்கள். டிக் போட்டுவிட்டு அப்ளையை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் உங்கள் வைஃபை பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட் ஆக்குங்கள். பப்ளிக் என்றால் உள்ளே வரும் அழைப்புகளை ஃபயர்வால் இன்னும் கறாராகத் தடுக்கும். வீட்டில் இருக்கும் நெட்வொர்க்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பிறகு ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் சிங்க் மென்பொருளுக்கும் பான்ஜூருக்கும் (நெட்வொர்க்கில் கருவிகளைக் கண்டுபிடிக்கும் ஆப்பிள் சேவை) பிரைவேட் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். தனியாக ஆன்டிவைரஸ் வைத்திருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வால் இருக்கலாம். ஃபயர்வாலை ஐந்து நிமிடம் நிறுத்திச் சோதிக்கலாம், ஆனால் சோதனை முடிந்ததும் மறுபடி இயக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

போர்ட் எண் கேட்கும் ஃபயர்வாலுக்கு: பான்ஜூர் யுடிபி 5353இல் பேசும். டிஎல்என்ஏ வகைச் செயலிகள் (வீட்டு நெட்வொர்க்கில் பாட்டு, படம் பகிர்பவை) கருவியைத் தேட யுடிபி 1900ஐப் பயன்படுத்தும். சிங்க்திங் என்ற கோப்பு சிங்க் செயலியை வைத்திருப்பவர்களுக்குத் தேடலுக்கு யுடிபி 21027, கோப்பு மாற்றத்துக்கு டிசிபி 22000.

ஆப்பிள் கருவி என்றால் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ஆப்பிள் மொபைல் டிவைஸ் சர்வீஸைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கணினி தூங்கி எழுந்த பிறகு பிளேயர் காணாமல் போகும் கேஸ்களுக்கு இது கைகண்ட மருந்து.

செயலி வழியே சிங்க் செய்பவர்கள் பிளேயரின் பிரைவசி அமைப்பையும் பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு செயலிக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். முதல்முறை கேட்டபோது வேண்டாம் என்று தட்டியிருந்தால் அது பிறகு கேட்காமலே தோற்றுக்கொண்டிருக்கும். மேக்ஓஎஸ் சிகோயாவிலும் இதே அனுமதி வந்துவிட்டது.

## அறிகுறி 3: தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் மறைகிறது

அநேகமாகத் தூக்கம்தான் காரணம். பேட்டரியை மிச்சப்படுத்தத் திரை அணைந்ததும் பிளேயர் வைஃபையை விட்டுவிடும். சார்ஜரில் செருகி வைத்துச் சிங்க் செய்யுங்கள். ஐபாட் டச், சூன் இரண்டிலும் தானியங்கிச் சிங்க்குக்குச் சார்ஜர் தேவைப்பட்டதே இதனால்தான். ஆண்ட்ராய்டு பிளேயரில் சிங்க் செயலிக்குப் பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுங்கள். கணினியும் பாதியில் தூங்கிவிடாமல் அமைப்பை மாற்றி வையுங்கள்.

தினமும் ஒருமுறை மறைகிறது என்றால் முகவரி மாறிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் பிளேயருக்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள்.

## அறிகுறி 4: ஆரம்பிக்கிறது, பாதியில் நிற்கிறது

எந்தப் பாட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை ஓட்டுங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

### ஒவ்வொரு முறையும் அதே பாட்டில்

வைஃபையை விட்டுவிடுங்கள், அந்தக் கோப்பைப் பாருங்கள். பெயரில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி போன்றவை இருந்தால் மெமரி கார்டின் கோப்பு அமைப்பு அதை ஏற்காது. மேக்கிலோ லினக்ஸிலோ சேமித்த ஆல்பங்களில் இது அடிக்கடி வரும். பெயரை மாற்றி ஓட்டுங்கள். எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்புள்ள கார்டில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது. நீண்ட கச்சேரி வீடியோக்கள் இப்படித்தான் முடங்கும். பெயரும் அளவும் சரி என்றால் கோப்பே சிதைந்திருக்கலாம். கணினியில் அந்தப் பாட்டை முழுதாக ஓடவிட்டுக் கேளுங்கள்.

### ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்

பிளேயரை ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். இப்போது முடிந்தால், முன்பு சிக்னல் போதவில்லை. அப்போதும் நின்றால் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். இடமும் இருந்தால் மெமரி கார்டைச் சந்தேகியுங்கள். அட்டையில் 256 ஜிபி என்று போட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலி கார்டுகள் உண்டு. உண்மையான கொள்ளளவு வரை நன்றாக ஏறி, அதற்குமேல் போவது எல்லாம் குப்பையாகும். கார்டில் உள்ளதைப் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழு கார்டையும் சோதியுங்கள். தேறாவிட்டால் புது கார்டுதான்.

## அறிகுறி 5: ஏறுகிறது, ஆனால் நத்தை வேகம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 802.11ஜி வகைப் பிளேயரின் அட்டையில் நொடிக்கு 54 மெகாபிட் என்று இருக்கும், கைக்குக் கிடைப்பது 20 சொச்சம். அந்த வேகத்தில் 1 ஜிபிக்கு ஏழு நிமிடம் போல ஆகும், 40 ஜிபிக்கு நாலரை மணி நேரம். இது பிழை இல்லை. முதல் முறை மொத்தத் தொகுப்பையும் கேபிளில் ஏற்றிவிட்டு, அன்றாடம் சேர்ப்பதை வைஃபைக்கு விடுங்கள்.

இதைவிடவும் மெதுவாக இருந்தால், மென்பொருள் பாட்டுகளைச் சின்ன அளவுக்கு மாற்றிக்கொண்டே ஏற்றுகிறதா பாருங்கள். ஃபிளாக் வகை (அளவில் பெரிய, தரம் குறையாத) கோப்புகளை மாற்றும்போது காத்திருப்பது கணினியால்தான். அடுத்து, கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். ஒரே பாட்டு இரண்டு முறை காற்றில் போக வேண்டியதில்லை, வித்தியாசம் உடனே தெரியும். பிளேயரில் புளூடூத்தை நிறுத்துங்கள். மடிக்கணினியில் யுஎஸ்பி 3 டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும்.

## அறிகுறி 6: சிங்க் முடிந்தது என்கிறது, பாட்டைக் காணோம்

ஆண்ட்ராய்டு பிளேயர் என்றால் பாட்டுச் செயலியில் நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோப்பு போய்ச் சேர்ந்திருக்கும், பட்டியல்தான் பழையது. ஸ்கேன் செய்தும் இல்லை என்றால், கணினியில் எந்தப் பிளேலிஸ்ட்டுக்கு டிக் இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய பாட்டுகளும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் சிங்க்கை உடனே நிறுத்துங்கள். வேறு கணினியில் சேர்த்தபோது, அழித்துவிட்டுச் சிங்க் செய்யவா என்ற கேள்விக்கு யாரோ ஆம் சொல்லியிருக்கலாம். இருவழிச் சிங்க் செயலி என்றால், பிளேயரில் அழிந்தது கணினியிலும் அழியும். முதலில் கணினியின் பாட்டு ஃபோல்டரை வேறு டிஸ்க்கில் பிரதி எடுங்கள், பிறகு ஆராயலாம். சிங்க்திங்கில் ஃபோல்டரை அனுப்ப மட்டும் என்று கணினிப் பக்கம் வைத்து, கோப்புப் பதிப்புகளைச் சேமிக்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

## அறிகுறி 7: நேற்று வரை சரி, இன்று இல்லை

இடையில் என்ன மாறியது என்று யோசியுங்கள். விண்டோஸ் அப்டேட் என்றால் நெட்வொர்க் மறுபடி பப்ளிக் ஆகியிருக்கலாம். ஆன்டிவைரஸ் மாற்றம் என்றால் ஃபயர்வால். ரவுட்டர் மாற்றம் என்றால் அறிகுறி 1க்குப் போங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் கேபிளில் ஒருமுறை செருகி, நம்பிக்கை அனுமதியைப் புதுப்பித்து, வைஃபை சிங்க் டிக்கை எடுத்து மறுபடி போடுங்கள்.

அதன்பின் சிங்க் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவலாம். அதற்கும் பிறகுதான் பிளேயரின் ரீசெட், அதிலும் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்வது முதலில். முழு ரீசெட் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் கேபிளில் பிரதி எடுத்துவிடுங்கள்.

## யாரிடம், எப்போது போவது

பேட்டரி உப்பி, திரை அல்லது பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், அப்படியே ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

வைஃபை பொத்தான் மங்கிக் கிடந்தால், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்தும் ஒரு கோடு சிக்னல் மட்டும் காட்டினால், கீழே விழுந்த அல்லது நனைந்த நாளிலிருந்து பிழை தொடங்கியிருந்தால், அதுவும் திறந்து பார்க்க வேண்டிய கேஸ். பேட்டரி மாற்றிய பின் சிக்னல் குறைந்தால் உள்ளே ஆன்டெனா கம்பி சரியாக மாட்டப்படவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். மாற்றியவரிடமே திரும்பக் கொண்டுபோய் அதைச் சொல்லுங்கள். ஹாட்ஸ்பாட்டில் சிங்க் ஆகிறது, ரவுட்டரில் ஆகவில்லை, அமைப்பைத் திறக்கவும் அனுமதி இல்லை என்றால் இணைய இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

யாரிடம் போனாலும், இரண்டு ஐபி முகவரிகளும் பிங் விடையும் ஹாட்ஸ்பாட் சோதனையின் முடிவும் எழுதிய அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள்.